நீலத்தின் பிள்ளைகள்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் அச்சு வைத்து வேலை செய்யும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கதை ஒன்றுதான். முதல் உருப்படி சரியாக வரும்வரை மண்டைக்குடைச்சல். அளவு தேறி அச்சு தயாராகிவிட்டால், ஆயிரமாவது மூடியும் முதல் மூடி மாதிரியே விழும். மாறி விழுந்தது ரிஜெக்ட் கூடைக்குப் போகும். ஆனி மாதத்தில் ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் சாலையோரத் தள்ளுவண்டியில் ருமானி குவிந்திருக்கும். ஆப்பிள் போல உருண்டை, நகம் பட்டாலே கிழியும் மெல்லிய தோல், கையில் வழியும் சாறு. ஒன்றைப் பார்த்தால் போதும், குவியலில் இருக்கும் நூறையும் பார்த்த மாதிரி. அவையும் ஏதோ அச்சில் விழுந்தவை போலத்தான் இருக்கின்றன.

அச்சில் விழுந்தவைதான். அந்த அச்சுக்குத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஒட்டு.

ருமானியைத் தின்று கொட்டையைப் பட்டறை மதிலோரம் எறிந்து பாருங்கள். மழை பெய்தால் முளைக்கும். யாரும் பிடுங்காமல் விட்டால் ஆறேழு ஆண்டில் பூக்கும். ஆனால் அதில் காய்ப்பது ருமானியாக இராது. நாராக இருக்கலாம், புளிக்கலாம், கொட்டை பெருத்துச் சதை குறைந்திருக்கலாம். எப்போதாவது ஒரு முறை, தாயைவிட நன்றாகவும் இருக்கலாம். "அது கொட்டை மரம், ஊறுகாய்க்குத்தான் ஆகும்" என்று ஊரில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் கொட்டை மரத்துக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால், வெப்பமண்டலப் பழ மரங்களை மேம்படுத்தும் அறிவியலில் பாதி தெரிந்த மாதிரி.

ஒரு கொட்டைக்குள் எத்தனை சீட்டு

மாமரத்தின் ஒவ்வொரு உயிரணுவிலும் 40 குரோமோசோம்கள் இருக்கின்றன. தாய் கொடுத்தது 20, தந்தை கொடுத்தது 20. இரண்டும் சோடி சோடியாக நிற்கும். இனிப்புக்கான மரபணு இரு பக்கமும் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. நெல்லில் பூ தன் மகரந்தத்தையே பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதால், தலைமுறை தலைமுறையாக இரு பக்கமும் ஒன்றாகிவிடும். அதனால்தான் நெல்லை விதைத்தால் அதே நெல் வருகிறது. மா அப்படியில்லை. ஈயும் தேனீயும் எந்த மரத்து மகரந்தத்தையோ கொண்டுவந்து கொட்ட, பல ஆயிரம் ஆண்டுகளாகக் கலந்து கலந்து வந்த மரம் அது. ஒவ்வொரு சோடியிலும் இரு பக்கம் இரு விதமாக இருப்பதே அதன் இயல்பு.

ஒரு மகரந்தத் தூளுக்குள் ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஏதோ ஒன்று மட்டும் போகும். 20 சோடி என்றால் சேரக்கூடிய விதங்கள் 10,48,576. சூலுக்கும் அதே கணக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு கொட்டையாகும்போது வரக்கூடிய கூட்டுகள் ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். சோடிகள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்வதைக் கணக்கில் எடுத்தால் அதற்கும் மேல். ஒவ்வொரு மாங்கொட்டையும் ஒரே ஒரு முறை குலுக்கிய சீட்டு. அதே சீட்டு மறுபடி விழாது.

ஆகவே நல்ல மரம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைக் கொட்டை போட்டுப் பெருக்க முடியாது. அதன் குச்சியை வெட்டி, எங்கோ முளைத்த ஒரு நாட்டு மாங்கன்றின் மேல் ஒட்டித்தான் பெருக்க வேண்டும். கீழே வேர் நாட்டு மாவுடையது, மேலே காய் ருமானியுடையது. திருவள்ளூர் மாவட்டத்தில் நிற்கும் ருமானி மரங்கள் எல்லாம் பார்க்கப்போனால் ஒரே மரம்தான். பல நூறு வேர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரே மரம்.

அச்சுக்கு ஒரு குணம் உண்டு. நன்றாக இருக்கும்வரை லாபம். அதில் ஒரு பிழை இருந்தால் எல்லா உருப்படியிலும் அதே பிழை. உலக வாழைச் சந்தை இதை ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஏற்றுமதி வாழை என்றால் குரோ மிஷேல் என்ற ஒரே ரகம்தான். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சைக்கு அது தாங்கவில்லை. பனாமா வாடல் நோயில் தோட்டம் தோட்டமாகப் போயிற்று. அதன் இடத்துக்குக் கேவண்டிஷ் வந்தது. இப்போது அதையே தாக்கும் புதிய பூஞ்சை வகை கண்டம் கண்டமாகப் பரவுகிறது. ஒன்று விழுந்தால் அத்தனையும் விழும் என்பது படியெடுத்தலின் விலை.

படியெடுத்தல் வேண்டும்தான். ஆனால் பிழை திருத்த வேண்டிய நாளில் புதிதாகக் குலுக்குவதற்குச் சீட்டுகளும் கைவசம் இருக்க வேண்டும். அந்தச் சீட்டுக் கட்டுக்குத்தான் மரபுப் பன்மயம் என்று பெயர். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். ருமானிக்குப் பிறகு வண்டியில் வந்து நிற்கும் நீலமே போதும்.

நீலம் செய்த உபகாரம்

நீலம் தமிழ்நாட்டு மண்ணின் ரகம். பங்கனப்பள்ளியும் செந்தூராவும் விற்றுத் தீர்ந்து, மாம்பழக் காலம் முடிந்தது என்று நினைக்கும்போது வரும். நடுத்தர அளவு, மஞ்சள் நிறம், தனி மணம். வாங்குபவர்கள் ஒரு முறை தயங்குவார்கள். வெட்டினால் கொட்டையிலிருந்து வண்டு பறக்குமோ என்று. மாங்கொட்டை வண்டுக்கு நீலம் பிடித்தமான வீடு. முல்கோவாவின் கம்பீரமோ இமாம் பசந்தின் பேரோ அதற்கு இல்லை.

ஆனால் மர வளர்ப்பு ஆய்வாளர் கண்ணுக்கு நீலத்தைப் போல் ஒரு சொத்து கிடையாது. காரணம், அது ஆண்டு தவறாமல் காய்க்கும். மாவில் இது எல்லாருக்கும் வாய்க்கும் குணம் இல்லை. வடநாட்டின் தசேரி, லங்கடா போன்ற புகழ்பெற்ற ரகங்கள் ஓராண்டு கொட்டித் தீர்க்கும், மறு ஆண்டு இலையோடு நிற்கும். காய்த்துக் களைத்த மரம் அடுத்த பூவுக்கான தளிரை உரிய காலத்தில் விடுவதில்லை. இலாபம் ஓராண்டு, கடன் ஓராண்டு. நீலத்துக்கு அந்த ஓய்வு தேவையில்லை. இளவயதிலேயே காய்ப்புக்கு வந்துவிடும், பறித்த பழமும் சில நாள் தாங்கும். தென்கோடியில், கன்னியாகுமரிப் பக்கம், பருவம் தப்பியும் காய்க்கும்.

இந்தக் குணத்தை வேறு ரகத்தின் ருசியோடு சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு முதலில் வேலை நடந்த இடங்களில் ஒன்று நமக்கு எட்டாத தூரமில்லை. திருவள்ளூரில் ரயிலேறி அரக்கோணம், திருத்தணி, ரேணிகுண்டா தாண்டிப் போனால் கோடூர் வரும். சென்னை மாகாணமாக இருந்த காலத்தில், 1930களில், கோடூரை ஒட்டிய அனந்தராஜுபேட்டையில் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தென்னிந்திய மா ரகங்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்து ஒரே வளாகத்தில் நட்டார்கள். கே. சி. நாயக்கும் கங்கொல்லியும் அந்த ரகங்களை இலை, பூ, காய், கொட்டை என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதிய நூல் 1950இல் வந்தது. முன்னூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் அதில் இருக்கின்றன. எது எதனோடு சேரும் என்று பார்க்கும் முன், கையில் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கு வேண்டுமல்லவா? அந்தக் கணக்குதான் அது.

கோடூரிலிருந்து வந்த கலப்பு ரகங்களில் நீலத்தின் பெயரை அப்படியே கேட்கலாம். நீலமும் முல்கோவா வகை ஒன்றும் சேர்ந்தது நீல்கோவா. நீலமும் ஹிமாயுதீனும் சேர்ந்தது நீலுதீன். ருமானியும் முல்கோவாவும் சேர்ந்தது ஏ.யூ. ருமானி. பின்னாளில் தெலங்கானாவின் சங்காரெட்டி ஆராய்ச்சி நிலையத்தில் ருமானியையும் நீலத்தையும் சேர்த்து மஞ்சீரா என்ற ரகத்தை உருவாக்கினார்கள்: குட்டையான மரம், நாரில்லாத சதை, ஆண்டுதோறும் காய்ப்பு. காக்களூர் தள்ளுவண்டியில் அடுத்தடுத்து வரும் இரண்டு பழங்களுக்குப் பிறந்த பிள்ளை அது.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் நீலத்தை விடவில்லை. சின்ன சுவர்ணரேகாவோடு சேர்த்தது பி.கே.எம். 1, முல்கோவாவோடு சேர்த்தது பி.கே.எம். 2. கிருஷ்ணகிரி மாவட்டம் பையூரில் கலப்பே செய்யவில்லை. நீல மரங்களுக்குள்ளேயே குட்டையாக நின்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பையூர் 1 என்று வெளியிட்டார்கள். ஒரே ரகத்துக்குள்ளும் சிறு வேறுபாடுகள் ஒளிந்திருக்கும். கண் இருப்பவருக்கு அது போதும்.

டெல்லியில் பிறந்த இரண்டு சகோதரிகள்

நீலத்தின் பிள்ளைகளில் நாடறிந்தவர்கள் டெல்லியில் பிறந்தார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நீலத்தையும் தசேரியையும் சேர்த்து 1970களில் இரண்டு ரகங்கள் வந்தன. நீலம் தாய், தசேரி தந்தை என்றால் மல்லிகா. தசேரி தாய், நீலம் தந்தை என்றால் ஆம்ரபாலி.

இரண்டுக்கும் ஒரே பெற்றோர். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் சகோதரிகள் என்று சொல்ல மாட்டார்கள். மல்லிகாவின் பழம் பெரிது, நீளம், பறித்து வைத்தால் தாங்கும். ஆம்ரபாலியின் பழம் சிறிது, சதை ஆரஞ்சு நிறத்தில் அடர்ந்திருக்கும்; வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின் மற்ற ரகங்களைவிட அதில் அதிகம். மல்லிகா மரம் வழக்கமான உயரம். ஆம்ரபாலி குட்டை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கு இத்தனை வேறுபாடு எப்படி என்றால், மேலே சொன்ன ஒரு லட்சம் கோடிச் சீட்டில் இது ஒன்று, அது ஒன்று.

இதில் விசித்திரம் ஆம்ரபாலியின் குட்டைத்தனம். தசேரியும் குட்டையில்லை, நீலமும் குட்டையில்லை. பிறகு பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது? குட்டையாக இருப்பதும் ஆண்டுதோறும் காய்ப்பதும் ஒடுங்கு பண்புகளாக இருக்கலாம் என்று டெல்லி ஆய்வாளர்கள் கருதினார்கள். அதாவது சோடியில் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. இரு பக்கமும் சேர்ந்தால்தான் தலைகாட்டும். தாத்தாவுக்குத் தாத்தா வழியில் வந்து இரண்டு வீட்டிலும் மௌனமாகக் கிடந்த குணம், பேரப்பிள்ளையிடம் வெளிப்படுவது போல. ஒரு ரகத்தின் மதிப்பை அதன் பழத்தை மட்டும் தின்று பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். சுமாரான பழம் தரும் மரத்துக்குள் நமக்குத் தேவையான ஒன்று பூட்டிக் கிடக்கலாம்.

குட்டைத்தனத்தால் என்ன லாபம்? வழக்கமான மாந்தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விடுவார்கள். ஒரு எக்டேரில் 100 மரம். ஆம்ரபாலியை 2.5 மீட்டருக்கு ஒன்றாக நடலாம்; அதே எக்டேரில் 1,600 மரம். பறிக்க ஏணி வேண்டாம், மருந்தடிக்க உயரம் இல்லை. நிலம் சுருங்கிக்கொண்டே வரும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

நீலத்தின் இன்னொரு பிள்ளை கொங்கணக் கடற்கரையில் பிறந்தது. அல்போன்சாவுக்கு ஒரு குறை உண்டு. வெளியே பழம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். வெட்டினால் உள்ளே வெளுத்த பஞ்சு போன்ற புளிப்புச் சதை. பார்த்து வாங்கியும் பயனில்லை, தோலில் எந்த அடையாளமும் தெரியாது. மகாராஷ்டிரத்தின் வெங்குர்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலத்தோடு அதைச் சேர்த்து 1981இல் ரத்னா என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அல்போன்சாவின் மணம் வந்தது, பஞ்சுச் சதை போயிற்று. ரத்னாவை மறுபடி அல்போன்சாவோடு சேர்த்ததில் சிந்து வந்தது. அதன் கொட்டை காகிதம் போல மெலிந்தது. பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதே குறையைத் தீர்க்கப் பங்கனப்பள்ளியைத் துணைக்கு அழைத்தது. அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் சேர்ந்து அர்கா அருணா, அர்கா புனீத் என்ற இரண்டு ரகங்கள் பிறந்தன.

பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஆம்ரபாலியும் வன்ராஜும் சேர்ந்து அருணிகா. ஆம்ரபாலியும் ஜனார்தன் பசந்தும் சேர்ந்து அம்பிகா. இரண்டும் லக்னோவில் பிறந்தவை, இரண்டின் தோலிலும் சிவப்பு ஏறியது. டெல்லியில் ஆம்ரபாலியை சென்சேஷன் என்ற அமெரிக்க ரகத்தோடு சேர்த்தது பூசா அருணிமா.

அந்த அமெரிக்க ரகத்தின் வேரைத் தோண்டினால் மறுபடி நம்மிடமே வரும். 1889இல் முல்கோபா என்ற பெயரில் ஒட்டுச் செடிகள் இந்தியாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போயின. குளிரில் பிழைத்தது ஒன்று. அந்த ரகத்தின் கொட்டைகளை ஜான் ஹேடன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன் 1902இல் தன் தோட்டத்தில் ஊன்றினார். 1910இல் அதில் ஒரு மரம் செக்கச் சிவந்த பழம் கொடுத்தது. அதுதான் ஹேடன் ரகம். இன்று அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளை நிரப்பும் டாமி அட்கின்ஸ் உள்ளிட்ட பல ரகங்கள் அந்த வழி வந்தவை. பின்னாளில் மரபணுச் சோதனை செய்தபோது, ஃபுளோரிடா ரகங்களின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில முன்னோர்களுக்குள் அடங்கியது. வெளியே நூறு பெயர், உள்ளே நாலைந்து குடும்பம். கைவசம் இருக்கும் சீட்டு குறைந்தால் எத்தனை முறை குலுக்கினாலும் அதே முகங்கள்தான் திரும்ப வரும்.

ஒரு பூவுக்கு ஒரு தாள்

கேட்கும்போது எளிதாக இருக்கிறது: இதைக் கொண்டு அதில் சேர். செய்து பார்த்தவர்கள் சொல்லும் கதை வேறு. ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். இருபால் பூவிலும் பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தத் தாள்தான் உருப்படியாக இருக்கும். ஊசிமுனை அளவுள்ள அதைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு மரத்து மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். தொட்டு வைத்த நூற்றில் ஒன்று காயாகி நின்றாலே பெரிது. மீதியைக் காற்றும் தத்துப்பூச்சியும் உதிர்த்துவிடும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு குறுக்குவழியைத் தசேரியே காட்டியது. தசேரி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. சொந்த மகரந்தம் விழுந்தால் காய் நிற்காது. ஆகவே தசேரியையும் வேறு ரகம் ஒன்றையும் வலைக்கூண்டுக்குள் வைத்து, உள்ளே ஈக்களை விட்டுவிட்டால், தசேரியில் நிற்கும் ஒவ்வொரு காயும் கலப்புக் காய்தான். வேலையை ஈ பார்த்துக்கொள்ளும். இதே செய்தியில் தோப்புக்காரர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது: இப்படிப்பட்ட ரகத்தை மட்டும் பத்து ஏக்கருக்கு நட்டால் பூ கொட்டும், காய் கொட்டாது. நடுவே இன்னொரு ரகம் நிற்க வேண்டும்.

காய் கிடைத்து, கொட்டை முளைத்து, கன்று வளர்ந்து, முதல் பழம் பார்க்கப் பல ஆண்டுகள். நூற்றுக்கணக்கான கலப்புக் கன்றுகளில் ஒன்றோ இரண்டோ தேறும். காத்திருப்பைக் குறைக்க, கலப்புக் கன்றின் கொழுந்தை எடுத்து வளர்ந்த மரத்தின் கிளையில் ஒட்டுவார்கள். மரம் முதிர்ந்தது என்பதால் சீக்கிரம் பூக்கும். இப்போது இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2020இல் அல்போன்சாவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. நாற்றங்காலில் இருக்கும்போதே ஓர் இலையைக் கிள்ளி, வேண்டிய மரபணு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவற்றைக் கழித்துவிடலாம். ஆனால் இந்தச் சோதனை இருப்பதை வாசிக்கும்; இல்லாததை எழுதாது. சீட்டுக் கட்டில் இல்லாத சீட்டை எந்த ஆய்வகமும் வரவழைக்க முடியாது.

வேருக்கும் ஒரு சாதகம்

இதுவரை காயைப் பற்றியே பேசினோம். ஒட்டு மரத்தில் இரண்டு உயிர் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கீழே இருக்கும் வேர்ச்செடிக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. கிடைத்த கொட்டையைப் போட்டு முளைக்கவைத்து ஒட்டுக்கட்டிவிடுவார்கள். ஆனால் மண் கெட்டுப்போன இடத்தில் முதலில் அடிபடுவது வேர்தான்.

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். உப்புத் தண்ணீருக்கு மா எளிதில் இலை கருகும். எல்லா மாவும் ஒரே அளவில் கருகுவதில்லை. கேரளத்துக் குருக்கன் மா உப்பை ஓரளவு தாங்கும் என்று இந்திய ஆய்வுகள் காட்டின. இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணுக்கும் உவர்நீருக்கும் தாங்கும் 13-1 என்ற வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல்தான் தோப்பு போடுகிறார்கள்.

இந்த இரண்டுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. இவற்றின் ஒரு கொட்டையிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கன்று முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாயின் திசுவிலிருந்தே உருவானவை. அதாவது தாயின் படிகள். குலுக்கல் இல்லாத கொட்டை. தென்கிழக்காசியாவிலும் நம் மேற்குக் கடற்கரையிலும் இந்த வகை அதிகம். யாழ்ப்பாணத்தார் கறுத்தக் கொழும்பானைக் கொண்டாடுவது போல நம்மிடையே பேசப்படாத வெள்ளைக் கொழும்பானும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அல்போன்சாவை அதன் மேல் ஒட்டினால் மரம் குட்டையாக நிற்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். காய்க்காகக் கவனிக்கப்படாத மரம் வேருக்காகத் தேவைப்படுகிறது.

சப்போட்டாவின் கதை இன்னும் அழகு. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி. ஆனால் நம் நாற்றங்கால்களில் அதை ஒட்டுக்கட்டுவது பாலை மரத்தின் மேல். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டிலும் சோழமண்டலக் கரையோரக் காடுகளிலும் தானாக நிற்கும் அதே பாலை, மஞ்சள் நிறச் சிறுபழம் தருமே, அதுதான். இரண்டும் ஒரே பேரினம். கடல்கடந்து வந்த மரத்துக்கு இந்த மண்ணின் வறட்சியைத் தாங்கிக் கொடுப்பது இந்தக் காட்டு உறவினர். கடற்கரைக் காடு குறையக் குறைய, சப்போட்டா நாற்றங்காலுக்கு விதை தரும் பாலையும் குறைகிறது. விறகுக்கும் பழத்தோட்டத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது வெட்டுபவருக்குத் தெரியாது.

மாவுக்கும் காட்டு உறவினர் உண்டு. அதன் பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள். அதிகம் இருப்பது போர்னியோ, சுமத்ரா, மலாயாக் காடுகளில். நம் அந்தமானிலும் சில இருக்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவற்றில் ஒன்றான மாஞ்சிஃபெரா லாரினா, பழத்தில் கறுப்புப் புள்ளி விழவைக்கும் ஆந்த்ராக்னோஸ் நோயை எதிர்ப்பதைக் கண்டு, மாவோடு சேர்த்துப் பார்த்தார்கள். இன்னொன்றான கஸ்தூரி மா, கலிமந்தான் காட்டில் இப்போது இல்லை. மனிதர் நட்ட தோட்டங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

குதிரில் சேமிக்க முடியாத விதை

நெல் விதையைக் காயவைத்து, குளிர்ப்பெட்டியில் பல பத்தாண்டு வைக்கலாம். மாங்கொட்டையைக் காயவைத்தால் செத்துவிடும். குளிரில் வைத்தாலும் சாகும். பலாக்கொட்டைக்கும் அதே கதி. ஆகவே பழ மரத்தின் பன்மயத்தை மரமாகவே நட்டு வைக்க வேண்டும். லக்னோவில் உள்ள நடுவண் மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட மா வகைகள் இப்படி வயலில் நிற்கின்றன. நிலம், தண்ணீர், ஆள், பல தலைமுறைப் பராமரிப்பு எல்லாம் வேண்டும். ஒரு சூறாவளி போதும், ஒரு வரிசை போய்விடும்.

அரசுத் தோட்டம் எவ்வளவு பெரிதானாலும் ஊர்களில் நிற்பதற்கு ஈடாகாது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியா, இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் வெப்பமண்டலப் பழ மரப் பன்மயத்தைக் காக்கும் பன்னாட்டுத் திட்டம் ஒன்று நடந்தது. அதில் மாவுக்கான இந்திய இடங்களில் ஒன்று நம் எல்லையைத் தொட்டு நிற்கும் சித்தூர் மாவட்டம். கூழ் ஆலைகள் கேட்பது கிளிமூக்கு ஒன்றையே; ஆனாலும் தோப்பின் ஓரத்தில், வரப்பில், கிணற்றடியில் வேறு வகைகளை விடாமல் வைத்திருக்கும் விவசாயிகள் அங்கே இருந்தார்கள். ஊறுகாய்க்கு ஒன்று, பச்சடிக்கு ஒன்று, பாட்டி நட்டது என்பதால் ஒன்று. அப்படிப்பட்டவர்களுக்குக் காப்பாளர் விவசாயிகள் என்று பெயர் வைத்து, அவர்கள் கையிலிருப்பதைப் பட்டியலிட்டார்கள்.

வைத்திருப்பவருக்குப் பயன் வருமா என்ற கேள்விக்குக் கர்நாடகத்துத் துமகூருவில் ஒரு பதில் கிடைத்தது. ஒரு விவசாயியின் நிலத்தில் கொட்டையில் முளைத்த பலா மரம் ஒன்று செம்பு நிறச் சுளை கொடுத்தது. சுளை சின்னது, ருசி தனி, சிவப்புக்குக் காரணமான லைகோபீன் நிறைந்தது. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அந்த மரத்தைச் சோதித்து, 2017இல் அவரோடு ஒப்பந்தம் போட்டது. சித்து என்று பெயரிட்ட அந்த ஒட்டுக் கன்றுகளின் விற்பனை வருமானத்தில் 75 சதவீதம் விவசாயிக்கு. ஊரில் யாரும் பெயர் வைக்காத ஒரு கொட்டை மரம்தான் அதுவரை. நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், உழவர் தாம் காத்த ரகத்தைத் தம் பெயரில் பதிந்துகொள்ள இடம் தருகிறது; மரங்களுக்குப் பாதுகாப்புக் காலம் 18 ஆண்டு.

மதிலோரத்து மரம்

காக்களூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை தோப்புகள் மனையாகவும் ஆலையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. அதைத் தடுக்கும் வழி இந்தக் கட்டுரையில் இல்லை. ஒட்டு ரகத் தோப்பு போனால் மனசு கனக்கும், ஆனால் மரபு போகாது. அதே ருமானி இன்னும் நூறு இடத்தில் நிற்கிறது. கவலைப்பட வேண்டியது அதன் பக்கத்தில் பெயரில்லாமல் நிற்கும் கொட்டை மரத்துக்காக. அது உலகத்தில் ஒன்றுதான். வெட்டினால் அந்தச் சீட்டு தீர்ந்தது.

வெட்டத்தான் வேண்டுமென்றால் அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த மரத்தைப் பற்றி ஊரில் கேட்டுப் பாருங்கள். எல்லா மரமும் பூ கருகிய ஆண்டிலும் இது காய்த்ததா? வண்டு விழுவதில்லையா? ஆவணியிலும் காய் நிற்குமா? ஆம் என்றால், மூன்று நான்கு மாதம் முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள குச்சிகளைத் தேர்ந்து, இலைக்காம்பு மட்டும் நிற்கும்படி இலைகளைக் கத்தரித்துவிடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் நுனி மொட்டு பருத்துவரும். அப்போது வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, பக்கத்து நாற்றங்காலில் கொடுத்தால் இளந்தண்டு ஒட்டாகக் கட்டித் தருவார்கள். மரம் போகும், மரபு பிழைக்கும்.

இத்தனை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கண்ட நீலமும் தொடக்கத்தில் ஒட்டுமரம் இல்லை. ஒட்டுவதற்கு அதற்கு முன் ஒரு நீலம் இருந்ததில்லையே. தமிழ்நாட்டில் எங்கோ ஒரு வரப்பிலோ கொல்லையிலோ, யாரோ தின்று எறிந்த கொட்டையில் முளைத்து நின்ற ஒற்றைக் கொட்டை மரம்தான் அது. பக்கத்து மரங்கள் வெறுமனே நின்ற ஆண்டிலும் அது காய்த்ததை ஒருவர் கவனித்திருக்க வேண்டும். கவனித்தவர் அதிலிருந்து ஒரு குச்சி வெட்டினார்.